அஸீமா ராத்தாவும் கட்டார் டீவியும்

என் அக்கா அஸீமாவை யாரும் ஏமாற்ற முடியாது. ஏமாற்ற ஒருவரும் வராத நாளில் அவளே ஆளைத் தேடிக்கொண்டு போவாள். அக்காவை நாங்கள் ராத்தா என்போம். ராத்தா மீன் வாங்குவதைப் பார்க்க வேண்டும். செவுளைத் தூக்குவாள், வயிற்றை அமுக்குவாள், மோந்து பார்ப்பாள். பிறகு மீனைப் பார்த்ததைவிட அதிக நேரம் மீன்காரரின் முகத்தைப் பார்ப்பாள். "இது வாவி மீன்தானா, ஐஸ் மீனா?" என்று கேட்பாள். அவர் சத்தியம் பண்ணிச் சொன்னால், "இவ்வளவு லேசாச் சத்தியம் பண்ணுறாரே" என்று அதற்கும் ஒரு சந்தேகம் வரும்.

கரண்டில் ஓடுகிற சாமான்கள் என்றால் இன்னும் மோசம். பிரிட்ஜ் வந்த புதிதில், கதவைச் சாத்தினால் உள்ளே லைட் அணைகிறதா என்று அவளுக்கு ஒரு கேள்வி. நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை. போனில் வீடியோவை ஓடவிட்டு, முட்டைத் தட்டில் சாய்த்து வைத்து, கதவைச் சாத்தினாள். எடுத்துப் பார்த்தால் படம் முழுக்க இருட்டு.

"அணைஞ்சிட்டு, பாத்தீங்களா?" என்றேன்.

"போனுக்குக் குளிர் புடிச்சிரிக்கும்" என்றாள்.

இப்படிப்பட்டவளுக்குத் தங்கையாகப் பிறந்து, அவளுக்குப் பின் வீட்டிலேயே குடியிருக்கிறேன். காத்தான்குடியில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் இருப்பார். வாப்பா தன் வளவை இரண்டாக்கி, முன் வீட்டை ராத்தாவின் பெயரிலும் பின் வீட்டை என் பெயரிலும் எழுதினார். நடுவில் ஒரு மதில், மதிலில் ஒரு சின்னக் கதவு. அந்தக் கதவுக்குப் பூட்டு இல்லை. அவள் வீட்டுக் கதையெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ராத்தாவின் மாப்பிள்ளை இல்ஹாம் மச்சான் கட்டாரில் வேன் ஓட்டுகிறவர். கலியாணமான மறுவருஷமே தோஹாவுக்குப் போனார். லீவில் வருவார், போவார். மகள் இன்ஷிரா பிறந்தபோதும் அங்கேதான் இருந்தார். கட்டார் நேரம் எங்கள் ஊர்ப் பெண்களின் தலைக்குள் ஓடுகிற இன்னொரு மணிக்கூடு. இங்கே பொழுது படும்போது அங்கே இன்னும் வெயில் எரிந்துகொண்டிருக்கும். இங்கே பின்னேரம் அஸர் தொழும்போது அங்கே பகல் சாப்பாடு. ராத்தா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தவுடன் இரண்டரை மணித்தியாலத்தைக் கழித்து, "இப்ப வேனுக்க இரிப்பாரு" என்று தனக்குள்ளே சொல்லிக்கொள்வாள். அவளுக்கு மச்சான் மேல் எவ்வளவு விருப்பம் என்று அந்த ஒரு வார்த்தையில்தான் கண்டுகொள்ளலாம். வேறு விதமாக அவள் சொன்னதில்லை.

வாவிப் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்றுக்கு எந்தச் சாமானும் தாக்குப் பிடிக்காது. ராத்தாவின் பழைய டீவியில் முதலில் ஒரு பச்சைக் கோடு விழுந்தது. கொஞ்ச நாளில் படமே கோடாகிவிட்டது. இன்ஷிரா அழுது அடம்பிடிக்க, மச்சான் போனில், "புதுசு ஒண்டு அனுப்புறன் மகள்" என்றார். சொன்னபடி ஒரு லொறியில் வந்து இறங்கியது. கொழும்பு ஏஜென்ட் மூலம் வந்ததாம்.

கட்டார் பெட்டி எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். டீவியைப் போர்வையில் சுற்றி, இடைவெளியெல்லாம் சவர்க்காரம், பால்மா, தைலம், பாதாம் என்று திணித்திருப்பார்கள். நாடாவை அறுத்தவுடனே வீடு முழுக்க ஒரு வாசம் பரவும். பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்த வாசத்துக்கே வந்துவிடுவார்கள். இந்தப் பெட்டியில் டீவி மட்டும்தான் இருந்தது. ராத்தா பெட்டிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தாள்.

"கட்டார் வாசம் இல்லியே கா, நிஸ்றா" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். எங்கள் ஊரில் பெண்கள் தங்கையையும் "கா" போட்டுத்தான் பேசுவார்கள்.

"கடைக்காரன் நேரா அனுப்பியிருப்பான்" என்றேன்.

"ஒரு சவுக்காரக் கட்டி வைக்கக் கூடவா இடமில்ல?"

டீவியை மாட்டி இன்டர்நெட்டைக் கொடுத்தோம். அது மச்சானின் பெயரைச் சொல்லி வரவேற்றது. எங்களுக்கு அந்த வேலை தெரியாது என்று, தன்னுடைய யூடியூப் கணக்கையே போட்டு அனுப்பியிருந்தார். நல்ல மனிதர் என்று நான் நினைத்தேன். ராத்தா என்ன நினைத்தாள் என்று தெரியவில்லை, டீவியின் கீழே எரிந்த சிவப்புப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் புள்ளி கண்தான் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. அடுத்த நாள் போய்ப் பார்த்தால் டீவியின் மேல் ஒரு மேசைச் சீலை தொங்குகிறது. சீலையை எடுத்துப் படம் பார்க்கிற நேரத்தில், தன் சொந்த வீட்டுக்குள்ளேயே, ராத்தா முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீவிக்கு முன்னால் தலை சீவமாட்டாள். என்னோடு எதையும் குசுகுசுக்க வேண்டுமென்றால் குசினிக்குள் அடுப்புப் பக்கம் கூட்டிப் போவாள்.

"அது கேக்குது கா. காலையில மீன் வாங்கினன். பின்னேரம் போட்டாப் பாரு, திரை நிறைய மீன். நான் மீன்காரரோட பேசினது இதுக்கு எப்பிடித் தெரியும்?"

போட்டுப் பார்த்தேன். உண்மைதான். திரை நிறைய மீன், ஆனால் கறிக்கு ஆகிற மீன் இல்லை. நீலமும் மஞ்சளுமாகக் கடலுக்கடியில் நீந்துகிற அழகு மீன்கள். பக்கத்தில் கிளிகள், அருவிகள், பூக்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. விசயத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கிற பழக்கம் எனக்கில்லை.

"இது ஒங்கட மீனில்ல ராத்தா. இது மச்சான்ட கணக்கு. அவரு அங்க என்னத்தப் பாக்கிறாரோ, அதுக்கேத்ததுதான் இங்கயும் வரும்."

ராத்தா ரிமோட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். "அப்ப, அவரு பாக்கிறதெல்லாம் எனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

சீலை அன்றோடு போயிற்று. டீவியை அவள் சந்தேகப்படுவதை நிறுத்திவிட்டாள். அது இப்போது அவள் பக்கத்துச் சாட்சி. பகல் வேலை முடிந்ததும் டீவிக்கு முன்னால் குந்தி, மச்சான் என்னென்ன பார்த்தார் என்று ஒவ்வொன்றாக இறக்கிப் பார்ப்பாள். பார்த்து முடித்துவிட்டு மதில் கதவால் என்னிடம் வருவாள்.

"காலையிலருந்து பொழுதுபட கிளியப் பாக்கிற மனிசன் எப்பகா வேன் ஓடுற?"

"சும்மா ஓடவிட்டுட்டுப் போயிருப்பாரு."

"எங்க ஓடவிட்டுட்டு? வேனுக்கயா?"

சில நாளில் கிளிகளோடு சிங்கள நாடகங்களும் சேர்ந்துகொண்டன. அடுத்து வந்ததுதான் ராத்தாவின் நித்திரையைக் கெடுத்தது. சிங்களத்தில் சின்னப் பிள்ளைகளின் பாட்டு. முதலில் ஒரு தாலாட்டு. இரண்டு நாள் கழித்து யானைக்குட்டி ஆடுகிற பாட்டு. அதற்கடுத்து எழுத்துப் பழக்குகிற பாட்டு.

தோஹாவில் மச்சானோடு சிங்களப் பொடியன்களும் ஒரே அறையில் இருக்கிறார்கள், அவர்கள் பார்த்திருப்பார்கள் என்று நான் வாதாடினேன்.

"தாடி மீச வெச்ச பொடியனுக்கெல்லாம் தாலாட்டாகா போடுவாங்க?" என்றாள் ராத்தா. "போன கிழம தாலாட்டு. இந்தக் கிழம எழுத்து. அந்தப் புள்ள என்ன இந்த வேகத்துல வளருது?"

சிரிக்க வேண்டிய கதைதான், ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வராது. ஒரு சிங்களப் பெண், ஒரு குழந்தை, ஒரு வீடு, அந்த வீட்டில் ஒரு டீவி என்று ஒவ்வொன்றாக அவள் மனதில் கட்டி முடித்துவிட்டாள். மச்சான் கொஞ்ச காலமாக வீடியோவில் வராமல் குரலில் மட்டும் பேசுவதை நினைத்துக்கொண்டாள். அப்படியே வந்தாலும் முதுகுக்குப் பின்னால் ஒரு படுக்கை விரிப்பு தொங்கும். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவள் கேட்டதற்கு, "வெயில் அடிக்கிது புள்ள" என்று சொல்லியிருக்கிறார். கடைசியில் ஒருநாள் ரிமோட்டின் மைக்கை அமுக்கி டீவியிடமே கேட்டாள்: "மாப்பிள பொய் சொல்லுறாரா எண்டு கண்டுபுடிக்கிற எப்பிடி?" கோட்டுப் போட்ட ஒருவர் வந்து, பொய் சொல்கிறவன் மூக்கைத் தடவுவான் என்றார். அதற்குப் பிறகு மச்சான் வீடியோவில் வந்த அபூர்வமான நாட்களில் ராத்தா அவருடைய மூக்கை மட்டுமே பார்த்தாள். தடிமன் பிடித்த மனிதர் பாவம், மூக்கைத் துடைக்கக்கூட வழியில்லை.

"உண்மையா இரிந்தா இந்த வீட்டு வாசல் மிதிக்க விடமாட்டன்" என்று ஒரு பின்னேரம் என்னிடம் சொன்னாள். அவளால் அது முடியும். எங்கள் ஊரில் கலியாணம் முறிந்தால் வெளியே போகிறவர் ஆண்தான். வீடும் பிள்ளையும் பெண்ணோடு நிற்கும். அப்படிச் சொல்லி வாய் மூடவில்லை, அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ராத்தா அழுது நான் பார்த்ததே இல்லை. வாப்பா இறந்து, மையித்தைத் தூக்கிய அன்றைக்குக்கூட, வந்த சனத்தின் செருப்பு மாறிப் போகாமல் பார்த்துக்கொண்டு நின்றவள். "வீடு இரிந்து என்னகா செய்ய?" என்றாள். எனக்கு மச்சான் மேல் வந்த கோபத்துக்கு, அந்த நேரம் தோஹாவுக்கு பஸ் இருந்திருந்தால் ஏறிப் போயிருப்பேன்.

இதற்குள் நோன்பு மாதம் வந்துவிட்டது. ஒருநாள் நோன்பு திறக்கிற மஃரிபு நேரத்துக்கு முந்தி, கஞ்சிக் கோப்பையோடு நான் மதில் கதவால் அவள் வீட்டுக்குப் போனேன். நாங்கள் ஒருவருடைய கஞ்சியை மற்றவர் குடித்துக் குறை சொல்வது வழக்கம். இன்ஷிரா குர்ஆனில் புதிதாக ஒரு சூறா பாடமாக்கியிருந்தாள். அதைத் தன் வாப்பாவுக்கு ஓதிக் காட்ட வேண்டும், முகத்தைப் பார்த்துத்தான் ஓதுவேன் என்று நின்றாள். ராத்தா வீடியோ கோல் போட்டாள். மச்சான் எடுத்தார். பின்னால் அதே படுக்கை விரிப்பு.

பிள்ளை ஓதத் தொடங்கினாள். மச்சான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிழையில்லாமல் ஓதினாள். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். ஓதி முடிக்கவும் எங்கள் பள்ளிவாசலில் பாங்கு சொல்லவும் சரியாக இருந்தது. நாங்கள் எல்லோரும் பேரீச்சம்பழத்தை எடுத்தோம்.

மச்சானும் எடுத்தார்.

கண்ணை மூடியபடியே கையை எங்கோ பக்கத்தில் நீட்டி ஒரு பழத்தை எடுத்து, நோன்பு திறக்கிற துஆவை வாய்க்குள் ஓதி, கடித்தார். எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. நோன்பு திறக்கிற நேரம் நோன்பு திறக்கிறார், அவ்வளவுதான். ராத்தாவைப் பார்த்தேன். அவள் பழத்தை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனபடி அப்படியே நின்றாள்.

"கட்டார்ல இப்ப என்ன நேரம்?" என்று கேட்டாள்.

மச்சானின் வாய் அசைவது நின்றது. கையிலிருந்த மிச்சப் பழத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "நெட்... நெட் போகுது" என்றார். திரை இருண்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோஹாவில் அந்த நேரம் வெயில் இன்னும் எரிந்துகொண்டிருக்கும். மஃரிபுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கிறது.

"மறந்து திண்டிருப்பாரு ராத்தா. மறந்து திண்டா நோன்பு முறியாதே" என்றேன்.

"மறந்து திங்கிறவரு துஆ ஓதியாகா திங்கிற? அவரு நோன்பு திறந்தாரு. பாங்கு கேட்டுத் திறந்தாரு." ராத்தா பழத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். "அவரு கட்டார்ல இல்ல. இந்த நாட்டுலதான் இரிக்கிறாரு."

நாட்டில் இருந்துகொண்டு ஒரு மனிதர் வீட்டுக்கு வராமல் இருக்கிறார் என்றால், அவருக்கு வேறொரு வீடு இருக்கிறது என்றுதானே அர்த்தம். மச்சான் திரும்பத் திரும்ப எடுத்தார். ராத்தா போனை அணைத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். என் நம்பருக்கும் எடுத்தார். ராத்தா என்னைப் பார்த்த பார்வையில் நானும் எடுக்கவில்லை. கஞ்சி ஆறிப்போயிற்று. ராத்தா தண்ணீரால் மட்டும் நோன்பு திறந்தாள்.

மறுநாள் பகல் ளுஹர் தொழுதுவிட்டு நான் போனபோது ராத்தா டீவிக்கு முன்னால் தனியாக இருந்தாள். கையில் ரிமோட். திரையில் அதே கிளிகள். என்னைக் கண்டும் திரும்பவில்லை. மைக்கை அமுக்கி, டீவியைப் பார்த்து, அதட்டுகிற குரலில் கேட்டாள்.

"எங்க இரிக்கிறீங்க?"

டீவி கொஞ்சம் யோசித்து, காதல் பாட்டுகளை வரிசையாகக் காட்டியது. மழையில் நனைந்துகொண்டு ஒருத்தி யாரையோ தேடுகிறாள். வேறு நேரமாக இருந்தால் நான் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். ராத்தா டீவியை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அஸருக்குப் பிறகு சமூசாவுக்கு மா மடிக்கிற விதம் பார்க்கலாம் என்று நான்தான் டீவியைப் போட்டேன். தேடுகிற இடத்தைத் திறந்தால், முன்பு தேடிய சொற்கள் கீழே வரிசையாக நிற்கும். ராத்தாவின் "எங்க இரிக்கிறீங்க" அங்கே நின்றது. அதற்கு மேலே புதிதாக ஒரு வரி:

"குருநாகல்ல. டீவி கடையில வேல செய்யிறன்."

கூப்பிட்டேன். ராத்தா வந்து வாசித்தாள். திரையைத் தொட்டுப் பார்த்தாள். டீவியைச் சுற்றிப் போய் முதுகுப் பக்கத்தையும் பார்த்தாள்.

"இத யாருகா எழுதின?"

"ஒரே கணக்குத்தானே ராத்தா. நாம தேடுறது அவருக்குத் தெரியும். அவரு எழுதுறது நமக்குத் தெரியும். ஒங்கட கேள்விக்கு மச்சான் பதில் சொல்லுறாரு."

"மச்சான்தான் எண்டு ஒனக்கெப்பிடித் தெரியும்? டீவியே எழுதினாலும் எழுதும்."

ராத்தா அல்லவா! ரிமோட்டை வாங்கி, அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொரு எழுத்தாகத் தானே அடித்தாள். நான் உதவப் போனால் கையைத் தட்டிவிட்டாள். "கலியாணத்தண்டு நான் மொதல்ல என்ன கேட்டன்?"

காத்திருந்தோம். கடையில் ஆள் நின்றதோ என்னவோ, பதில் வரச் சுணங்கியது. திறந்து திறந்து பார்த்தோம். வந்தது.

"இது ஒங்கட சொந்தப் பல்லா எண்டு."

நான் ராத்தாவைப் பார்த்தேன். அவள் காது சிவந்துவிட்டது. "நல்ல வரிசையா இரிந்திச்சி, அதான் கேட்டன்" என்றாள். இருந்த துக்கத்திலும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அவள் அடித்தாள்: "அந்தப் புள்ள யாரு?"

"எந்தப் புள்ள?"

"சிங்களப் பாட்டுக் கேக்கிற புள்ள."

"கடைக்கு வாற ஆக்கள்ட புள்ளையள். அழுதாப் போடுற. அப்பதான் தாய் தகப்பன் நிண்டு டீவி பாப்பாங்க."

கிளிகளின் கதையும் அதுதான். நிறம் நன்றாகத் தெரிய வேண்டும் என்று கடையில் இருக்கிற எல்லா டீவியிலும் காலையிலிருந்து மாலைவரை கிளியும் மீனும் அருவியும் ஓடவிடுவார்களாம். தன் கணக்கைக் கொடுக்க முதலாளிக்கு மனமில்லை. அதனால் மச்சான் தன்னுடையதைப் போட்டிருக்கிறார். எங்களுக்கு வந்ததும் அந்தக் கடை டீவிதான். தோஹாக் கம்பனியை முந்தின ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பிறகு மூடிவிட்டார்கள். கூட வேன் ஓட்டிய சிங்கள நண்பர் ஒருவர், குருநாகல் என்கிற சிங்கள ஊரில் இருக்கிற தன் மைத்துனரின் கடையில் வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறார். கடைக்கு மேலே ஒரு அறையில் படுக்கை. இவ்வளவும் துண்டு துண்டாக அந்தத் தேடுகிற இடத்தில் வந்தது. அவர் ஆளில்லாத டீவியாகப் பார்த்து அடிப்பார், நாங்கள் வாசிப்போம்.

எனக்கு மச்சான் மேலிருந்த கோபம் பாதி கரைந்து, மீதி அதிகமாகியது. இதைச் சொல்வதற்கு என்ன? வேலை போவது உலகத்தில் நடக்காததா? ராத்தாவும் அதைத்தான் கேட்டாள்.

"ஏன் வரல்ல?"

இதற்குத்தான் பதில் வரவேயில்லை. ராத்தா எழும்பிப் போய்க் கஞ்சிக்குத் தேங்காய் திருவினாள். பாதியில் விட்டுவிட்டு வந்து பார்த்தாள். திரும்பிப் போனாள். மூன்றாம் தரம் வந்தபோது அந்த வரி நின்றது.

"ஒங்கட வீட்டுக்கு வெறுங்கையோட எப்பிடி வாற?"

"ஒங்கட வீடாம்" என்றாள் ராத்தா, என்னைத் திரும்பிப் பார்த்து. "பாத்தியாகா, ஒங்கட வீடாம்."

அவள் கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் குரல் உடைந்துவிட்டது. எனக்கு அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. மச்சான் இந்த வீட்டுச் சுவரில் கலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிப்பதென்றாலும், சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு ராத்தாவிடம் வந்து, "அடிக்கட்டா?" என்று கேட்பார். தண்ணீர் மோட்டர் அவர் வாங்கியது, தரைக்கு மாபிள் அவர் போட்டது. கேட்காமல் ஓர் ஆணி அடித்ததில்லை. நாங்கள் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இன்னொரு வரியும் வந்தது. "முப்லிஹாட மாப்பிள வேல இல்லாம வந்த நேரம் நீங்க சொன்னது மனசுல இரிக்கி."

முப்லிஹா எங்கள் ஒழுங்கையில், நாலு வீடு தள்ளி இருப்பவள். அவள் மாப்பிள்ளை சவூதியிலிருந்து வேலை போய் வந்தபோது, ராத்தா மச்சானோடு போனில் பேசிக்கொண்டே, "பொம்புளட ஊட்டுல குந்தித் திங்க வந்துட்டாரு" என்று சொல்லியிருக்கிறாள். சொன்னதையே அவள் மறந்துவிட்டாள். தோஹாவில் இருந்து கேட்டவர் மறக்கவில்லை. உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்ட என் அக்கா, தன் வாயை மட்டும் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அவள் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்த வரியைத் திரும்ப வாசித்தாள்.

"ராத்தா, அலுமாரியத் துறந்து போன எடுங்க. கோல் பண்ணிப் பேசுங்க" என்றேன்.

"பேசினா அழுதிருவன்" என்றாள்.

பிறகு அம்புக்குறியை நகர்த்தினாள். ஒவ்வொரு எழுத்துக்கும் நேரமெடுத்தது. "நாளைக்குக் கஞ்சி கூடக் காச்சுறன். நோன்பு திறக்க வாங்க."

பதில் வரவில்லை. பொழுதுபடும்வரை வரவில்லை, மறுநாள் காலையிலும் வரவில்லை. அவள் சந்தேகத்துக்கு அது போதும். "வரமாட்டாரு" என்றாள். "குருநாகல் எண்டதும் பொய்யோ தெரியாது" என்றாள். கஞ்சிக்கு அரிசி போடும்போது மாத்திரம் அவளுக்குச் சந்தேகமில்லை. பெரிய சட்டியில்தான் போட்டாள்.

அன்றைக்கு மஃரிபுக்கு முந்தி நானும் அங்கே போய்விட்டேன். என்ன நடக்கிறது என்று விடுப்புப் பார்க்கத்தான் போனேன், மறைப்பானேன். பாய் விரித்து, தட்டில் பழம் வைத்து, கோப்பைகளில் கஞ்சி ஊற்றியாயிற்று. முன் கதவு காற்றுக்காக அகலத் திறந்து கிடந்தது. இன்ஷிரா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்தா வாசலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவில் தட்டுகிற சத்தம் கேட்டது.

திறந்து கிடந்த கதவின் நிலையில், விரல் மடக்கி, அந்நிய வீட்டுக்கு வந்தவரைப் போல மச்சான் தட்டிக்கொண்டு நின்றார். மெலிந்திருந்தார். கையில் ஒரே ஒரு பை. செருப்பை முற்றத்திலேயே கழற்றிவிட்டிருந்தார். இன்ஷிரா "வாப்பா!" என்று ஓடிப் போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். அவர் பிள்ளையின் தலையில் கையை வைத்தார், காலை எடுத்து உள்ளே வைக்கவில்லை.

"அந்த நோன்பக் களாச் செய்யணும், திரும்பப் புடிக்கணும்" என்றார், யாரையும் பாராமல். "போன்ல நம்மட பள்ளிப் பாங்கக் கேட்டுத் திறந்துட்டன். குருநாகல்ல பொழுது பிந்தித்தான் படும், அந்த நேரம் இன்னும் பாங்கு சொல்லல்ல."

வீட்டு டீவியிலிருந்து தன் கணக்கைக் கழற்ற மனம் வரவில்லை என்றும் சொன்னார். ராத்தா என்னென்ன தேடினாள் என்று அவருக்கு எல்லாம் தெரியுமாம். மாப்பிள்ளை பொய் சொல்லுகிறாரா என்று கேட்டதும் தெரியுமாம். வெட்கமாக இருந்ததாம். ஆனாலும் பகலில் கார்ட்டூன் ஓடினால், மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள் என்று கடையில் நின்றுகொண்டே தெரிந்துகொள்வாராம். அதற்காகவே விட்டு வைத்தாராம். இதையெல்லாம் வாசலுக்கு வெளியே நின்றபடிதான் சொன்னார்.

ராத்தா எழும்பிப் போனாள். அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். மீனைப் பார்க்கிற பார்வைதான், ஆனால் கண் நிறைந்திருந்தது.

"சொந்த வீட்டுக் கதவத் தட்டிக்கிட்டு நிக்கிற ஆம்புளைய இப்பதான் பாக்கன்" என்றாள்.

மச்சான் அப்போதும் அசையவில்லை. ராத்தா அவர் கையிலிருந்த பையைப் பிடுங்கி அறைக்குள் கொண்டுபோய் வைத்த பிறகுதான், அவர் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தார்.